ஐந்தாவது தட்டு

சணல் கயிற்றுக்கென்று ஒரு வாசனை உண்டு. புதுக் கயிற்றை முகத்தருகே பிடித்தால் மண்ணெண்ணெயும் ஈர வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறும், விரலில் சுற்றி இழுத்தால் பொடிப்பொடியாகத் தும்பு உதிர்ந்து தும்மல் வரும். என் ஒன்பது, பத்து வயதுகளில், மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைப் "போர்ஷன்" முழுக்க அந்த நெடிதான் இருந்தது. அப்பா தபால் ஆபீசில் பார்சல் பகுதியில் வேலை பார்த்தார். கட்டுகளில் இருந்து வெட்டிக் குப்பையில் போடும் துண்டுக் கயிறுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார், ஒன்றோடு ஒன்றை முடிந்து பெரிய உருண்டையாகச் சுற்றி வைப்பார். மற்ற வீடுகளில் அப்பா வரும்போது பையில் பக்கோடா வரும். எங்கள் வீட்டில் கயிறு வரும்.

அவர் பிறவியிலேயே அப்படிப்பட்டவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் இருந்த தாத்தா இறந்து, பதினாறாம் நாள் முடிந்த கையோடு, பெரியப்பாவும் அப்பாவும் முற்றத்தில் பாத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எந்தக் குடத்தில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறார்கள். பெயர் தேய்ந்துபோன ஒரு பித்தளை அண்டாவுக்காக அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு காதைப் பிடித்து இழுத்ததில் ஒரு காது கழன்று அப்பாவின் கையோடு வந்துவிட்டது. அந்தக் காதோடுதான் அவர் எழும்பூரில் ரயில் இறங்கினார். வீட்டுக்கு வந்து அதைக் கூடத்தில் வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து, "என் பிள்ளைங்க நாளைக்கு எதுக்காகவும் அடிச்சுக்கக் கூடாது, அடிச்சுக்க இந்த வீட்ல ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார். துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று அம்மா நினைத்தாள். அவர் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போகியன்று பழைய பாயையும் முறத்தையும் தெருவில் போட்டுக் கொளுத்துவது ஊர் வழக்கம். அப்பா அந்த வழக்கத்தை எடுத்து ஒரு சட்டமாக்கினார். போகி சாயங்காலம் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானிலும் ஒரு சணல் கயிற்றைக் கட்டுவார். தினமும் புழங்கும் தட்டு, தம்ளர், சோற்றுப்பானை, பாய் இவற்றுக்குக் கயிறு கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. வருஷத்துக்குள் யார் ஒரு சாமானைப் பயன்படுத்துகிறார்களோ அவர்கள் அந்தக் கயிற்றை அவிழ்த்து உருண்டையில் சேர்க்க வேண்டும், அடுத்த போகி விடியற்காலையில் எதில் கயிறு அவிழாமல் இருக்கிறதோ அது வெளியே போகும். எரிவது தெருநெருப்புக்கு, எரியாதது பாத்திரக்காரிக்கு அல்லது வாசலில் போகிற யாருக்காவது. விற்க மாட்டார். கையை நீட்டுகிறவருக்குக் கொடுத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். தனக்கென்று அவர் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு குடை, ஒரு சவரக் கத்தி. தெருவில் அவருக்கு நல்ல பெயர். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆசையை விட்டவரைப் பார்க்க முடியாதும்மா" என்று பக்கத்துப் போர்ஷன்காரர்கள் அம்மாவிடம் சொல்வார்கள், அம்மா தலையாட்டுவாள். அவர் விட்டது முக்கால்வாசியும் அம்மாவின் ஆசைகளைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குச் சீராக வந்த பாத்திரங்கள், குத்துவிளக்கு ஜோடியில் ஒன்று, அம்மா பின்னிய மணிப்பைகள், எல்லாம் முதல் இரண்டு போகிகளிலேயே போய்விட்டன. அக்கா வசந்தா பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய சான்றிதழை அப்பா எடுத்து அவளையே வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? இனி இது எதுக்கு?" என்றார். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. இன்று வரை எனக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வருஷம் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். தை முதல் மார்கழிக்குள், காப்பாற்ற வேண்டிய ஒவ்வொன்றையும் ஒரு தரமாவது பயன்படுத்திவிடுவது. முப்பது பேருக்குப் பொங்கல் கிண்டுகிற வெண்கல உருளியில் நாலு பேருக்கு ரசம் வைத்தாள், ரசம் அடியில் ஒரு விரல்கடை கிடந்தது, நாங்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தோம். அரக்குச் சிவப்பில் அகலச் சரிகை போட்ட அவளுடைய கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்ச் சர்க்கரைக்கு வரிசையில் நின்றாள். "என்னம்மா, வீட்ல விசேஷமா?" என்று எல்லாரும் கேட்டார்களாம். திரும்பி வந்து வியர்வையோடு புடவையை மடித்து, அப்பா எதிரில் கயிற்றை அவிழ்த்துக் காட்டினாள். அப்பா ஒப்புக்கொண்டார். சட்டம் சட்டம்தான், அது அம்மாவுக்குச் சாதகமாக இருந்தாலும். உருளி மட்டும் அதற்கடுத்த வருஷம் அம்மாவுக்கு டைபாய்டு வந்து படுத்த மாதங்களில் தவறிப்போய், கயிறோடு வெளியே போனது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். முதல் போகியில் என் சோழி டப்பா போனபோது விழுந்து புரண்டு அழுதேன். இரண்டாவது போகிக்குள் எனக்குப் புத்தி வந்துவிட்டது. அழுகிற கட்சியில் இருப்பதைவிட ஆளும் கட்சியில் இருப்பது நல்லது என்று கண்டுகொண்டேன். கயிற்று உருண்டை என் கைக்கு வந்தது. அப்பா முன்னால் போவார், நான் உருண்டையோடு பின்னால் போவேன், அலமாரி மூலையில் அவர் கண்ணில் படாத கண்ணாடிச் சீசாவையும் மை போட்டுக் காய்ந்த சிமிழையும் நான்தான் எடுத்து நீட்டுவேன். "பாப்பாவுக்குக் கண்ணு கூர்மை" என்பார். அந்த மூன்று சொல்லுக்காக நான் எதையும் காட்டிக்கொடுப்பேன், காட்டியும் கொடுத்தேன். அக்கா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இப்படியாக எங்கள் வீடு நாலு பேருக்கு அளவெடுத்துத் தைத்த வீடாகிவிட்டது. நாலு எவர்சில்வர் தட்டு, நாலு தம்ளர், நாலு பாய், நாலு தலையணை. எதிலும் பெயர் கிடையாது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது அப்பாவுக்குக் கட்டோடு பிடிக்காது, "பேரை வெட்டின அன்னிக்கே சண்டையை வெட்டியாச்சு" என்பார். என் தட்டை அதன் விளிம்பில் இருந்த சொட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வேன். விருந்தாளி வந்தால் குளத்தங்கரைக் கடையில் இருந்து வாழையிலை வரும். விருந்தாளி போவார், இலை குப்பைக்குப் போகும், கழுவி வைக்க ஒன்றும் மிஞ்சாது. அப்பாவுக்கு அந்த ஏற்பாட்டில் அவ்வளவு திருப்தி.

எனக்குப் பத்து வயதான வருஷம் ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம், பாக்கியம் சித்தி ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். அம்மாவின் ஒரே தங்கை. கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் விளக்கு தூக்கும் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம், குழந்தை இல்லை. அவர் வேறொருத்தியை வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பதைச் சித்தி அடுக்களையில் அம்மாவிடம் சொன்னதை நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன். சாயங்காலம் அப்பா வந்தார். "அத்தான், கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமா?" என்று சித்தி கேட்டாள். அப்பா குடையை உதறி ஆணியில் மாட்டினார். "இருக்கட்டும். மழை விடட்டும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து சித்தி தினமும் காலையில் எழுந்ததும் முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள்.

முதல் நாள் சித்திக்கு இலை போட்டார்கள், இரண்டாம் நாளும் இலை. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை, நாங்கள் நாலு பேரும் சொட்டை விழுந்த தட்டில் சாப்பிட, அவளுக்கு மட்டும் பச்சைப்பசேலென்று தலைவாழை இலை. ஆனால் இலை என்பது விருந்தாளிக்கு. வீட்டு மனுஷிக்குத் தட்டு. ஒவ்வொரு வேளையும் அந்த இலையை விரிக்கும்போது, நீ இந்த வீட்டு ஆள் இல்லை என்று தண்ணீர் தெளித்துச் சொல்வது போலத்தான் இருந்தது, சித்திக்கு அது முதல் நாளே புரிந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, "இலை எதுக்குக்கா, வீண் செலவு. நீ சாப்பிட்டதும் உன் தட்டுலயே போட்டுக்கறேன்" என்றாள். அப்புறம் அப்படித்தான் நடந்தது. அப்பா முதலில் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவார், நாங்கள் பள்ளிக்கூடம் போய்விடுவோம், அம்மா சாப்பிட்டு எழுந்ததும் அதே தட்டைக் கழுவிச் சித்தி சாப்பிடுவாள். ராத்திரி எல்லாரும் சேர்ந்து உட்காரும்போது வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து போய்விடுவாள்.

சித்தி நல்லவள்தான், எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். அவள் என் தலையைப் பின்னிவிடும் விதமே தனி, இழுக்கவே இழுக்காது. ஆனால் அவள் வந்ததில் இருந்து அம்மா சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அடுக்களையில் இரண்டு பேரும் ஏதோ ஊர்க்கதை பேசிக் குனிந்து குனிந்து சிரிப்பார்கள், நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள். அக்காவும் போய் அவர்களோடு உட்கார்ந்துகொள்வாள், அவளைக் கண்டால் நிறுத்த மாட்டார்கள். காட்டிக்கொடுக்கிறவளுக்கு எதிரில் யார்தான் சிரிப்பார்கள்? இது இப்போது புரிகிறது, அப்போது வயிற்றெரிச்சல்தான் தெரிந்தது.

கார்த்திகை முடிகிற சமயம் அம்மா துணிந்து கேட்டுவிட்டாள். "என்னங்க, ஒரு தட்டு வாங்கிக்கட்டுமா?" அப்பா கோபப்படவில்லை. "தாராளமா வாங்கு. எதை வெளிய அனுப்பறே?" என்றார். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும், அதுவும் சட்டத்தில் இருந்தது. அம்மா ஒரு வாரம் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அனுப்புவதற்கு என்ன இருந்தது? கடைசியில் ஒரு காலை, "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று குரல் கேட்டதும் பாத்திரக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உள்ளே போய்க் கூறைப்புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று பள்ளிக்கூடம் லீவு, நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

பாத்திரக்காரி சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கூடையில் இருந்து ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு குண்டான், இரண்டு தம்ளர் எடுத்து வரிசையாக வைத்தாள். அம்மா தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தள்ளினாள். "இன்னாம்மா இது, பட்டுப் பொடவைக்கு ஒத்தைத் தட்டா? ஊர்ல கேட்டா என்னைக் காறித் துப்புவாங்கோ. எனுக்கும் புள்ளகுட்டி கீது, அந்தப் பாவம் வாணாம், இந்தக் குண்டானையாவது வச்சுக்கோ" என்று கெஞ்சினாள். பாத்திரம் கொடுக்கிறவள் எடுத்துக்கொள் என்று கெஞ்சுவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "ஒண்ணு போனா ஒண்ணுதான் வரணும்" என்றாள் அம்மா. சித்தி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், "வேணாங்க்கா, வேணாங்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அம்மா அத்தோடு நிற்கவில்லை. குளத்தங்கரையில் சின்னச் சுத்தியலும் உளியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் "பேர் வெட்டுறவரிடம்" தட்டைக் கொண்டுபோய், விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொண்டு வந்தாள். பாக்கியம். எங்கள் வீட்டில் பெயர் இருந்த ஒரே பொருள் அதுதான். அன்று ராத்திரி ஐந்து தட்டும் வரிசையாகத் தரையில் வைக்கப்பட்டன, சித்தி முதல் தரமாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், பெயர் தன் பக்கம் வருகிற மாதிரி தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டாள். அப்பா பெயரைப் பார்த்தார். முகம் சுருங்கியது, மோருக்குக் கை நீட்டினார். அந்தச் சுருக்கத்தை அம்மா பார்த்தாள், சித்தி பார்த்தாள், எல்லாரையும்விட நான் நன்றாகப் பார்த்தேன். எனக்குக் கண்ணு கூர்மை இல்லையா. புதுத் தட்டு, பளபளவென்று, பெயரோடு. எனக்கோ சொட்டை.

போகி வந்தது. விடியற்காலையில் தெருப்பிள்ளைகள் மேளம் கொட்டிக்கொண்டு போக, எங்கள் வீட்டில் எரிக்க ஒரு தென்னந்துடைப்பம்தான் மிஞ்சியிருந்தது. சாயங்காலம் அப்பா புதுக் கயிறுகளைக் கட்ட ஆரம்பித்தார், கட்டுவதற்குப் பதினைந்து சாமான்கூடத் தேறவில்லை. முடித்துவிட்டு உட்கார்ந்தபோது, "சித்தி பெட்டிக்கு?" என்று கேட்டேன். "அது நம்மளுது இல்ல" என்றார். "தட்டு?" என்றேன். அவர் எழுந்து முகம் கழுவப் போனார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உருண்டையைக் கீழே வைத்திருப்பேன். சொல்லவில்லை. சொல்லாததை நான் எனக்குப் பிடித்த மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

மறுநாள் பொங்கல். அம்மாவும் சித்தியும் முற்றத்தில் பானை பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அடுக்களைக்குள் போனேன். தட்டில் கயிறு கட்ட ஓட்டையோ காதோ கிடையாது, அதனால் பார்சல் கட்டுகிற மாதிரி நெடுக்கும் குறுக்கும் சுற்றி நடுவில் முடிச்சுப் போட்டேன். வரிசையில் ஐந்தாவதாகத் திரும்ப வைத்தேன். நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். சித்திதான் தட்டுகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் வைத்தாள், கடைசியில் தன்னுடையதை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சித்தி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, முடிச்சை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். அது சீக்கிரம் அவிழவில்லை. அப்பா போடுகிற முடிச்சு ஒரு முனையைச் சுண்டினால் விட்டுக்கொடுக்கும், இருபது வருஷம் பார்சல் கட்டிய கை. இது ரிப்பன் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சு, இழுக்க இழுக்க இறுகியது. அம்மா சித்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா முடிச்சைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் தன் தட்டை இழுத்துவைத்துக்கொண்டார்.

ஒரு வழியாக அவிழ்ந்தது. சித்தி கயிற்றை இரண்டு விரலில் ஒழுங்காகச் சுற்றி என் பக்கம் நீட்டினாள். "இந்தா பாப்பா, உங்கப்பா கயிறு. உருண்டையில சேர்த்துடு" என்றாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. வாங்கிக்கொண்டேன். அவள் சர்க்கரைப் பொங்கலை அந்தத் தட்டில் போட்டுக்கொண்டு, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, துடைத்து, மற்ற நாலோடு சேர்த்து வைத்தாள்.

காணும் பொங்கலன்று கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. மணலில் நடக்கவும் அலையைப் பார்க்கவும் சாமான் எதுவும் வேண்டாம் என்பதால் அப்பாவுக்கு அதில் ஆட்சேபணை இருந்ததில்லை. தலைவலி என்று சித்தி வரவில்லை. இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தோம். வீடு பெருக்கி, கோலம் போட்டு, விளக்கு ஏற்றி இருந்தது. சித்தியும் இல்லை, பெட்டியும் இல்லை. தட்டு இருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவின் எதிரில் வந்து நின்று, "கயிறு கட்டினீங்களே, இப்ப நிம்மதியா?" என்று கேட்டாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "போனது அவ இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

என்னைக் காப்பாற்றினார் என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் அவர் மேல் பாசம்கூட அதிகமாயிற்று. பின்னால் எனக்கும் குடும்பம் என்று ஆன பிறகு யோசித்துப் பார்த்ததில், வேறு மாதிரியும் தோன்றுகிறது. அவர் செய்ய விரும்பி, செய்ய வெட்கப்பட்ட ஒரு காரியத்தை ஒரு குழந்தை செய்து முடித்துவிட்டது. அதை ஏன் அவர் திருத்த வேண்டும்? இரண்டில் எது என்று அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், பொய் சொல்லாத மனிதர். அதனால்தான் கேட்கவில்லை.

சித்தி கோடம்பாக்கத்துக்கே திரும்பிப் போயிருந்தாள். புருஷனும் புது மனைவியும் முன்னறையில் இருக்க, பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு பாய். அம்மா அக்காவை அழைத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். "அத்தான் மேல தப்பு சொல்லாதக்கா. அவர் எல்லாத்துக்கும் ஒரே கயிறுதான் வச்சிருக்கார். இங்க நான் சமைக்கறேன், துவைக்கறேன். ஏதோ உபயோகத்துல இருக்கேன்" என்றாளாம். அக்கா இதை வந்து சொன்னபோது என் முகத்தைக் கவனிக்கவில்லை, அவளுக்கு என் மேல் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. மூன்று வருஷம் அப்படி உபயோகத்தில் இருந்துவிட்டு, மஞ்சள் காமாலையில் சித்தி போய்ச் சேர்ந்தாள். எங்களுக்குச் சொல்லி அனுப்பியது இரண்டு நாள் கழித்து.

அம்மா அழுததை நான் பார்க்கவில்லை. அவள் செய்தது வேறு. சித்தி இறந்துபோன வருஷத்தில் இருந்து, ஒவ்வொரு போகி சாயங்காலமும், அப்பா கயிறு கட்டி முடித்த பிறகு, அம்மா அந்தத் தட்டைக் கொண்டுவந்து அவர் எதிரில் உட்கார்ந்து, நெடுக்கும் குறுக்குமாகக் கயிற்றைச் சுற்றிக் கட்டுவாள். வருஷம் முழுக்க அது அப்படியே இருக்கும். அடுத்த போகிக்கு முந்தின நாள் அதை அவிழ்த்து, சோறு போட்டு, அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அதில் சாப்பிடுவாள். உருளியில் ரசம் வைத்துக் காப்பாற்றிய அதே தந்திரம். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா எழுந்து போகக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் எழுந்து போனதில்லை. காப்பி வேண்டுமா, மருந்து குடித்தாயிற்றா, மழை வருகிறது என்பது தவிர அவர்களுக்குள் பேச்சு இல்லாமல் போயிற்று. என் கல்யாணம் வரை அதே வீட்டில் இருந்து நான் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு போகிக்கும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

அப்பா போனார், அடுத்த சில வருஷத்தில் அம்மாவும் போனாள். அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து வசந்தா அக்காவும் நானும் அடுக்களையில் நின்றோம். அப்பா நினைத்தது நடந்திருந்தது. அடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. ஆளுக்கு இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், ஒரு நிமிஷத்தில் முடிந்துபோன பாகப்பிரிவினை. ஐந்தாவது தட்டை அக்கா எடுத்தாள். நானும் கையை வைத்தேன். "உனக்கு எதுக்குடி? நீ அப்பா பொண்ணு" என்றாள். விடவில்லை நான். அவளும் விடவில்லை. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகள், முகம் வீங்கிப்போய், ஒரு எவர்சில்வர் தட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் சொன்னேன். "அன்னிக்கு அதைக் கட்டினது நான்."

அக்கா உடனே கையை எடுத்துவிட்டாள், தட்டு சூடாக இருந்த மாதிரி. சுவரில் இருந்த வெற்று ஆணியைப் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள். "அப்பாவோட ரெண்டு வார்த்தை பேசியிருப்பாங்க." அதற்கப்புறம் அவள் என்னைத் திட்டவில்லை. தன் இரண்டு தட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தட்டு எனக்கு வந்தது.

இப்போது அந்தச் சந்தில் போர்ஷன்கள் இல்லை, நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. பார்சலுக்குச் சணலும் அரக்கும் போய் பிளாஸ்டிக் நாடா வந்துவிட்டது. பழைய துணிக்குப் பாத்திரம் என்ற குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று, குளத்தங்கரையில் பேர் வெட்டுகிறவரும் இல்லை. போகிக்கு எரிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு வண்டி போகிறது. அப்பாவின் கயிறு மட்டும் போகவில்லை. கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் என் மகன் குடியிருக்கிறான், அவனும் மருமகளும், வெள்ளைச் சுவர், ஒரு மேஜை, தரையில் ஒரு மெத்தை. மினிமலிசம் என்கிறான். சின்ன வயதில் அவனுக்கு நான் தாத்தாவின் கயிற்றுக் கதையை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன், ரேஷன் கடைக் கூறைப்புடவை வரைக்கும். அதற்குமேல் சொன்னதில்லை. "எங்க தாத்தா அந்தக் காலத்துலயே செஞ்சிருக்கார் பாருங்க" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்கிறான், அவன் அலமாரியில் சட்டைகளில் கலர் கலராக நூல் தொங்குகிறது.

போன பொங்கலுக்கு அடையாற்றில் என் வீட்டில் இருந்து அவன் வீட்டுக்கு இரண்டு நாள் தங்கப் போனேன். எந்த வீட்டுக்குத் தங்கப் போனாலும் அந்தத் தட்டு என் பையில் இருக்கும். என் பையைப் பிரித்து வைத்தவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "என்னம்மா இது? உனக்குன்னு இங்க தட்டு வாங்கி வச்சிருக்கேனே. இதைக் கடைசியா எப்ப யூஸ் பண்ணினே?" என்றான். "நேத்து" என்றேன். அவன் சிரித்தான். சட்டத்துக்குள் வந்துவிட்டதால் அதற்குமேல் கேட்க அவனுக்கு ஒன்றும் இல்லை. பிறகு வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பில் தேய்ந்துபோன புள்ளிகளை விரலால் தடவி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். "பாக்கியம் யாரும்மா?"

சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சாப்பிட்டோம். தட்டைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன். சொல்லவில்லை.